மேடத்தின் முக்கால் வட்டம்

டிரைவர் வேலை என்றால் பாதி நேரம் ஓட்டுவது, பாதி நேரம் காத்திருப்பது. மின்சாரக் கார் டிரைவருக்கு இந்த இரண்டுக்கும் நடுவே சார்ஜ் எத்தனை சதவீதம் என்று எட்டி எட்டிப் பார்ப்பது தனி வேலை.

பதினொரு மாதம் அந்த வேலையைப் பார்த்தேன். ஒரகடத்தில் காருக்கு பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு கொரியா கம்பெனி. அங்கே குவாலிட்டி பிரிவில் பெரிய பொறுப்பில் இருந்தவர் மின்சோ மேடம். வயது நாற்பதுக்குப் பக்கம், என்னைவிட ஒன்றிரண்டு கூட இருக்கலாம். மற்ற கொரியாக்காரர்களுக்குக் கம்பெனியே டீசல் வண்டியும் டிரைவரும் கொடுக்கும். இவர் மட்டும் எனக்கு என் வண்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்து, சொந்தமாக ஒரு மின்சாரக் கார் வாங்கிவிட்டார். ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் தாங்களே ஓட்டக் கூடாது என்று கம்பெனியில் விதி. அதனால் சொந்தக் காரில் பின் சீட்டில் உட்கார்ந்து போகிற பெண்மணிக்கு, முன் சீட்டில் உட்கார ஒரு பெண் டிரைவரைத் தேடினார்கள். படப்பையிலிருந்து கலாவாகிய நான் கிடைத்தேன்.

பகல் வேலை, ஞாயிறு லீவு, வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். என் கணவருக்கு மூன்று ஷிப்ட்டும் மாறி மாறி வரும். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அவள் பள்ளிவிட்டு வருவதற்குள் நான் வீட்டுக்கு வந்துவிடலாம். வண்டி ஓட்டிப் பிழைக்கிற பெண்கள் யாராவது இதைப் படித்தால் இப்போதே பெருமூச்சு விட்டிருப்பீர்கள். அப்படிப்பட்ட வேலைக்கு எட்டாவது மாதம் ஆபத்து வந்தது. மேடம், இனி நானே ஓட்டப்போகிறேன் என்றார். அவர் ஓட்டினால் நான் எதற்கு? அதற்கு முன்னும் பின்னும் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

ஆன் ஆச்சா?

அதுவரை ஆறு வருடம் டீசல் வண்டிதான் ஓட்டியிருந்தேன். சாவியைத் திருகினால் ஓர் உறுமல், ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம், அதற்கப்புறம்தான் எனக்கு வண்டி உயிரோடு இருக்கிறது என்று நம்பிக்கை வரும். முதல் நாள் மேடம் பின்னால் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டார். நான் பட்டனை அழுத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அழுத்தினேன். அப்போதும் கேட்கவில்லை. முதல் தடவையே ஆன் ஆகிவிட்டது, இரண்டாவது தடவை நான்தான் அணைத்துவிட்டேன் என்பது எனக்குப் புரியவில்லை. இப்படி ஐந்தாறு தடவை உயிர் கொடுத்து உயிர் எடுத்தேன். கண்ணாடியில் மேடத்தின் முகம் அப்படியே இருந்தது. கொரியாக்காரர்கள் கோபித்தாலும் முகத்தில் காட்டமாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருந்ததால் எனக்கு இன்னும் வியர்த்தது.

மேடம் இருந்தது கேட்டுக்குள் கட்டிய வரிசை வீடுகள் இருக்கிற குடியிருப்பு. அங்கே செக்யூரிட்டி ஏழுமலை. பக்கத்துக் கிராமத்துக்காரர். அவருடைய சொந்தக்காரர்களின் நிலத்தில்தான் அந்தக் குடியிருப்பே நிற்கிறது. அவர் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு ரொம்ப நேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னல் பக்கம் குனிந்து, மேடத்துக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"இன்னாக்கா, ஆன்ல கீதா ஆஃப்ல கீதான்னு வண்டிக்கே தெரீலயா?"

ரிசர்வ்

டீசல் வண்டி டிரைவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சிவப்பு விளக்கு எரிந்தாலும் பயப்பட மாட்டோம். ரிசர்வில் இன்னும் நாற்பது கிலோமீட்டர் ஓடும் என்று ஒரு தைரியம். ஒரு மே மாத சனிக்கிழமை மேடத்தைச் சென்னையில் கொரியா சாமான் விற்கும் கடைக்கு அழைத்துப் போனேன். முந்தின நாள் கரண்ட் இல்லாததால் வண்டி பாதிதான் சார்ஜ் ஏறியிருந்தது. வெயிலுக்கு ஏசி முழு வேகத்தில். திரும்பும்போது வண்டலூர் தாண்டியதும் சிவப்பு எரிந்தது. நான் சாவகாசமாக வந்தேன். படப்பை வருவதற்குள் ஏசி தானாக அடங்கியது, வண்டி ஆமை வேகத்துக்கு வந்தது, திரையில் நான்கு சதவீதம். இந்த வண்டியில் ரிசர்வ் என்று ஒன்றே கிடையாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

என் சொந்த ஊரில் எனக்குத் தெரிந்த பெரிய பிளக் ஒன்றே ஒன்றுதான், மாவு மில்லில் இருந்தது. நான் மாதாமாதம் மிளகாய்த் தூள் அரைக்கிற இடம். மில்லுக்கார அம்மாவிடம் கெஞ்சி, டிக்கியிலிருந்த கேபிளை எடுத்து மாட்டினேன். இரண்டு மணி நேரம் நிற்கவேண்டும் என்று திரை சொன்னது. மேடம் ஸ்டூலில் உட்கார்ந்தார், தும்மினார், எழுந்துபோய் மிளகாய் அரைபடுவதைப் பார்த்தார், மறுபடி தும்மினார். திடீரென்று அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவர் பேச்சு பாதி இங்கிலீஷ், கால்வாசித் தமிழ், மிச்சம் கை. அவர் ஊரில் ஊறுகாய்க்கு மிளகாயை விதை எடுத்துவிட்டு, தூளாக்காமல் திப்பி திப்பியாக உடைப்பார்களாம். அந்தச் சாமானைத்தான் இவ்வளவு தூரம் போய் டப்பாவில் வாங்கி வந்திருக்கிறார்.

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து இரண்டு கிலோ மிளகாய்க்கு விதை எடுத்தோம். மேடம் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று, போதும் போதும் என்று பாதியில் நிறுத்தச் சொன்னார். கையில் அள்ளி மோந்து பார்த்தார். கண்ணில் நீர் நின்றது. அது மிளகாயாலா வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை. மில்லுக்கார அம்மாவுக்குத்தான் மனசே ஆறவில்லை. இருபது வருடமாக நைஸாக அரைத்துக் கொடுத்துப் பெயர் வாங்கியவர்.

"இன்னாம்மா இது, மொளகாயும் பாதியில நிக்குது, வண்டியும் பாதியில நிக்குது. உங்க மேடம் எதையும் முழுசா முடிக்க மாட்டாங்களா?"

பொட்டு வைக்க இடம்

எங்கள் பக்கம் ஆயுத பூஜை என்றால் கம்பெனி கம்பெனியாக வாழைமரம், பொரி, பூசணிக்காய். ஷிப்ட் வண்டி முதல் போர்க்லிப்ட் வரை எல்லாவற்றுக்கும் மாலை. டிரைவர்கள் நாங்கள் பானெட்டைத் திறந்து எஞ்சினுக்கு சந்தனமும் குங்குமமும் வைப்போம். என் முறை வந்தபோது பானெட்டைத் திறந்தேன். உள்ளே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி, ஆரஞ்சு நிறத்தில் தடித்த வயர், தொடாதே என்று மண்டையோடு போட்ட எச்சரிக்கை. எதன்மேல் பொட்டு வைப்பது? ஒருவர் பேட்டரிக்கு வை என்றார், அது வண்டிக்கு அடியில் இருக்கிறது. ஒருவர் மண்டையோட்டுக்கே வை என்றார். மேடம் கூட்டத்தில் நின்று கவனித்துக்கொண்டிருந்தார். என்ன பிரச்சினை என்று கேட்டார். உயிர் இருக்கிற இடத்தில் பொட்டு வைக்கணும் மேடம், உயிர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வண்டியின் முன்பக்கம் போய் சார்ஜ் போடும் மூடியைத் திறந்து காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் பக்தியோடு உள்ளே சந்தனம் தடவி, தாராளமாகக் குங்குமம் வைத்து, ஒரு சரம் மல்லிகையும் செருகி மூடினேன்.

அன்று மாலை சார்ஜர் உள்ளே போகவில்லை. தள்ளித் தள்ளிப் பார்த்தால் சிவப்பு விளக்கு. சர்வீஸ் ஆட்களுக்கு போன் போட்டேன். இண்டு இடுக்கில் என்ன இருக்கிறது பார்த்துச் சொல்லுங்கள் என்றான் அந்தப் பையன். வெட்கத்தோடு சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. கேபிளைத் தொடாமல், வண்டியை அணைத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைக்கச் சொன்னான். மேடம் வீட்டிலிருந்து ஒரு டப்பா குச்சி கொண்டுவந்தார். இரண்டு பேரும் தரையில் முட்டிபோட்டு ஒரு மணி நேரம் துடைத்தோம். அதுவரை போனில் காத்திருந்த அந்தப் பையன் கடைசியில் அமைதியாகச் சொன்னான்:

"இன்னிக்கு மட்டும் இப்படி நாலு வண்டி, அக்கா. அடுத்த வருசம் பொட்டை வெளிய வெச்சிட்டு, கேபிளை உள்ள வைங்க."

ஞாயிற்றுக்கிழமை

அந்த முட்டிபோட்ட மாலையில்தான் மேடம் விஷயத்தைச் சொன்னார். அவர் ஊரில் பதினைந்து வருடம் கார் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை தோன்றினால் கிளம்பி, தோன்றிய இடத்தில் திரும்பிவிடுவாராம். இங்கே வந்து இரண்டு வருடமாக, எங்கே போவதென்றாலும் முதல் நாளே அட்மின் ஆபீசில் சொல்லவேண்டும். போன இடம், நேரம், கிலோமீட்டர் எல்லாம் டிரிப் ஷீட்டில் ஏறும். எழுதுகிறவள் நான். இரண்டு வருடத்தில் அவர் எங்கெங்கே போனார் என்று அவரைவிட, எனக்கு முன்பிருந்த டிரைவருக்கும் எனக்கும்தான் நன்றாகத் தெரியும். ஞாயிறு எனக்கு லீவு என்பதால் அவர் கேட்டுக்குள்ளேயே ரவுண்டு ரவுண்டாக நடப்பாராம். நான் ஞாயிறு மதியம் கறிக்குழம்பு சாப்பிட்டுத் தூங்குகிற நேரத்தில் ஒருத்தி அங்கே சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. கேட்டபோது சங்கடமாக இருந்தது.

லைசன்ஸ் அவர் ஏற்கெனவே வாங்கிவிட்டார். அட்மினில் பாஸ்கர் சார்தான் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் மேடம் தன் வழியில் ஒரு தாள் தயாரித்து நீட்டினார். கம்பெனியில் உற்பத்தி லைனில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தத் தாளைத் தெரியும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வட்டம். கால் வட்டம் கறுப்பாக்கினால் கற்றுக்கொள்கிறார். அரை வட்டம் என்றால் பக்கத்தில் ஆள் நின்றால் செய்வார். முக்கால் என்றால் தனியாகச் செய்யலாம். முழு வட்டம் என்றால் மற்றவருக்குக் கற்றுத்தரலாம். வட்டத்தை நிரப்புவது கற்றுத்தருகிறவர். அவர் கையெழுத்துப் போட்டால் மேனேஜரும் மறுத்துப் பேச முடியாது. மேடம் 'இந்தியச் சாலையில் கார் ஓட்டுதல்' என்று எழுதி, தன் பெயருக்கு எதிரே ஒரு வெற்று வட்டம் போட்டிருந்தார். கற்றுத்தருபவர் என்ற இடத்தில் என் பெயர்.

பாஸ்கர் சாருக்கு அவருடைய சொந்த ஆயுதத்தாலேயே அடி. கம்பெனி முழுக்க இந்த வட்டத்தைக் கட்டாயமாக்கியவரே அவர்தான். சம்மதித்துவிட்டார். ஆனால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

"கலா, முக்கால் வட்டம் போட்டா மறுநாளே எனக்கு டிரைவர் போஸ்ட் தேவையில்ல. உன் பேனா, உன் வேலை. நான் ஒண்ணும் சொல்லல."

கார்னர் பிளாட்

கார் பழக எங்கள் ஊரைப்போல வசதியான இடம் உலகத்தில் கிடையாது. படப்பையைச் சுற்றி எங்கே திரும்பினாலும் பிளாட் போட்ட நிலம். தார் ரோடு இருக்கும், தெருவிளக்குக் கம்பம் இருக்கும், வீடுதான் இருக்காது. அப்படி ஒரு லேஅவுட்டில் மேடத்தை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். அவர் ஊரில் ஸ்டியரிங் இடது பக்கம், வண்டி போவது வலது பக்கம். எல்லாம் தலைகீழ். ஒவ்வொரு முனையிலும் இண்டிகேட்டர் போடுவதாக நினைத்து இடக்கையால் வைப்பரைப் போட்டுவிடுவார். கொளுத்துகிற வெயிலில் காய்ந்த கண்ணாடியை வைப்பர் கர்கர்ரென்று தேய்க்கும். அவர் கொரிய மொழியில் ஏதோ திட்டிக்கொள்வார், அடுத்த முனையில் மறுபடியும் வைப்பர். ஒரே முனையை ஏழெட்டுத் தடவை சுற்றினோம். உடம்புக்குள் பதிகிறவரை விடமாட்டேன் என்று அவருக்கு ஒரு பிடிவாதம்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பைக் எங்கள் பின்னாலேயே வர ஆரம்பித்தது. நாங்கள் திரும்பினால் திரும்புகிறது, நின்றால் நிற்கிறது. எனக்கு பயமாகிவிட்டது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். வெள்ளைச் சட்டைக்காரர், கக்கத்தில் வரைபடம். பல்லெல்லாம் தெரிய வணக்கம் சொன்னார்.

"கொரியா மேடம் அந்த முனையையே சுத்திகினு கீறாங்களே, கார்னர் பிளாட் புடிச்சிடுச்சாம்மா? கிழக்குப் பார்த்தது."

நன்றி விளக்கு

இரண்டு வாரத்தில் கால் வட்டம் போட்டேன், அடுத்த வாரம் அரை. உண்மையில் அவர் நன்றாக ஓட்டினார். ஹாரன் மட்டும் அடிக்கவே மாட்டார், அதைத் தொடச் சொன்னால் யாரையோ அறையச் சொன்ன மாதிரி விழிப்பார். ஒருநாள் ஒரகடம் சாலையில் யூ டர்ன் எடுக்கும்போது ஒரு கன்டெய்னர் லாரி வேகம் குறைத்து வழிவிட்டது. மேடம் திரும்பி முடித்ததும் நான்கு பக்க இண்டிகேட்டரையும் ஒன்றாகப் போட்டுவிட்டார். அவர் ஊரில் வழிவிட்டவருக்கு அப்படித்தான் நன்றி சொல்வார்களாம். இரண்டு மினுக்கு போதும், ஆனால் லாரி பெரிதாக இருந்ததால் நன்றியும் பெரிதாக இருக்கட்டும் என்று அணைக்காமலே போனார்.

இங்கே அந்த விளக்குக்கு வண்டி பழுது என்று பொருள். பின்னால் அதே பக்கம் வந்த லாரி எங்களைத் தாண்டிப்போய் ஓரமாக நின்றது. நாங்களும் நிறுத்தினோம். டிரைவர் இறங்கி, கையில் ஒரு ஸ்பானரோடு எங்களை நோக்கி ஓடிவந்தார். நாமக்கல்காரர், ஐம்பது வயதிருக்கும். மேடம் ஸ்பானரைப் பார்த்து, தப்பு செய்துவிட்டோம், அடிக்கத்தான் வருகிறார் என்று கதவைப் பூட்டிக்கொண்டார். நான் இறங்கி விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் புரிய கொஞ்சம் நேரம் ஆனது. ஸ்பானரை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, கண்ணாடிக்குள் இருந்த மேடத்தைக் குனிந்து பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"இருபது வருசமா லாரி ஓட்டறனுங்க. வழிவிட்டா பின்னால இருந்து ஹாரன்தானுங்க வரும்."

மழைக்காலம்

அரை வட்டத்திலிருந்து முக்காலுக்குப் போக எத்தனை நாள் ஆகும்? மேடத்துக்கு ஒரு வாரம் போதும். நான் நான்கு வாரம் எடுத்தேன். முதல் வாரம் மழை, ரோட்டில் பள்ளம் தெரியாது மேடம் என்றேன். இரண்டாவது வாரம் கன்டெய்னர் லாரி ஜாஸ்தி. மூன்றாவது வாரம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றேன். அதையும் ஓட்டிக் காட்டினார். நான்காவது வாரம் மறுபடி மழை. மேடம் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிவிட்டு, சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். குவாலிட்டிக்காரர், காரணம் சொன்னால் நம்புவார். எனக்கு இரவில் தூக்கம் கெட்டது. முக்கால் வட்டம் போட்டால் மறுபடி கால் டாக்சி, நேரங்கெட்ட நேரத்தில் ஏர்போர்ட் சவாரி, மகள் தனியாக வீட்டுக்குள். இதையெல்லாம் நினைத்தால் பேனா எடுக்கக் கை வரவில்லை. நான் செய்வது தப்பு என்றும் தெரியும். ஒரு காலை கேட்டில் நின்று, மழைக்காலம் முடியட்டும் மேடம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழுமலை கேட்டைத் தள்ளிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"மழை நின்னு நாலு நாளாச்சேக்கா."

பதினாலு மாதம்

மேடம் அதைக் காதில் வாங்கினாரா தெரியாது. அன்று அவர்தான் ஓட்டினார், நான் பக்கத்து சீட்டில். போகும்போது சும்மா கேட்டார், நீ லைனில் இருந்தபோது உன் வட்டம் எவ்வளவு என்று. டிரைவர் ஆவதற்கு முன் நான் ஒரு வயரிங் கம்பெனியில் வேலை பார்த்தது அவருக்குத் தெரியும். அரை என்றேன். எத்தனை நாள் என்றார். பதினாலு மாதம் என்றேன். வேலை வரவில்லையா என்றார். அதெப்படி வராமல் இருக்கும்? கண்ணை மூடிக்கொண்டு கனெக்டர் மாட்டுவேன். எனக்குக் கற்றுக்கொடுத்த விஜயா அக்கா முக்கால் வட்டம் போடவில்லை. ஒரே லைனில் இரண்டு பேருக்கு அந்த வேலை தனியாக வந்தால் ஒருத்தியை வேறு ஷிப்ட்டுக்கு மாற்றிவிடுவார்கள். அக்காவுக்குக் கைக்குழந்தை இருந்தது. இன்னும் கொஞ்சம் கை பழகட்டும் கலா என்று மாதா மாதம் சொன்னார்.

இதை நான் சொல்லிக்கொண்டே வரும்போதே என் குரல் இறங்கிவிட்டது. விஜயா அக்காவை நான் எத்தனை வருடம் திட்டியிருக்கிறேன். அதே வேலையைத்தான் இப்போது நான் செய்துகொண்டிருக்கிறேன். அக்காவுக்காவது கைக்குழந்தை. அப்புறம் எப்போது முக்கால் ஆனது என்று மேடம் கேட்டார். ஆகவில்லை மேடம், வேலையை விட்டுவிட்டேன் என்றேன். மேடம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். ஒரகடம் சிக்னலில் நின்றபோது, குத்திக்காட்டாத குரலில் சொன்னார்.

"பதினாலு மாசம் ரொம்ப நாள், கலா ஸி."

பெயருக்குப் பின்னால் ஸி போடுவது அவர்கள் ஊரில் மரியாதை. அந்த மரியாதை அன்றைக்கு எனக்குத் தாங்கவில்லை.

பின் சீட்டு

மறுநாள் நான் முன்னால் ஏறவில்லை. பின் கதவைத் திறந்து, மேடம் எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தால் கை ஸ்டியரிங்குக்குப் போகும், அதனால்தான். பதினொரு மாதத்தில் அந்த சீட்டில் உட்கார்வது முதல் தடவை. ஏசிக் காற்று அங்கே ஒழுங்காக வருவதே இல்லை. மேடம் ஒரு நாளும் சொன்னதில்லை. முன்னால் இருப்பவரின் பின்னந்தலையைத் தவிரப் பார்க்க ஒன்றும் இல்லை. இரண்டு வருடம் இதையா பார்த்துக்கொண்டு போனார் என்று இருந்தது.

ஒரகடத்திலிருந்து படப்பை பஜார் வரை போய்த் திரும்பச் சொன்னேன். ஷேர் ஆட்டோ நடுரோட்டில் நின்று ஆள் ஏற்றியது, மாடு குறுக்கே வந்தது, ராங் சைடில் ஒரு பைக் வந்தது. போகும்போது என் வலது கால் வெறும் தரை விரிப்பில் பிரேக் மிதித்துக்கொண்டே போனது. டிரைவர்களுக்கு இது தெரியும், அடுத்தவர் ஓட்டினால் நம் கால் சும்மா இருக்காது. திரும்பி வரும்போது அப்படி மிதிக்கவே இல்லை என்பதை மேடம் வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் கவனித்தேன். அதற்குமேல் என்ன பரீட்சை வேண்டும்? தாளை பானெட்டின் மேல் வைத்து, முக்கால் வட்டம் கறுப்பாக்கி, கையெழுத்துப் போட்டேன். மேடம் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இடுப்பை வளைத்து எனக்கு வணக்கம் செய்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, பானெட்டைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். பாஸ்கர் சாரிடம் நானே போய்க் கொடுத்தேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திருப்பி என் பக்கமே தள்ளினார்.

"நான் இன்னிக்கு லீவுன்னு வெச்சுக்கோ. நாளைக்குக் கொண்டாம்மா, ஒரு நாள் யோசி."

திங்கட்கிழமை

யோசிக்க ஒன்றும் இல்லை, நான்கு வாரமாக அதைத்தானே செய்தேன். தாளை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேடம் தனியாகப் போனார். நான் வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிற மாதிரி இருக்கிறாய் என்று கணவர் சிரித்தார். போன் வரவே இல்லை.

திங்கள் காலை மாற்றுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கவும் கணக்கை முடித்துக்கொள்ளவும் போனேன். பாஸ்கர் சார் டிரிப் ஷீட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஞாயிறுக்கு எதிரே காலி. மேடம் எங்கே போனாங்க என்று என்னைக் கேட்டார். தெரியாது சார் என்றேன். அந்த வார்த்தையை அவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் நம்பவில்லை. ஆனால் அவரைவிட எனக்குத்தான் அரிப்பு அதிகம். நேரே பார்க்கிங்குக்குப் போய் வண்டியைச் சுற்றிப் பார்த்தேன். மீட்டரில் 186 கிலோமீட்டர் கூடியிருந்தது. சார்ஜ் பதினெட்டு சதவீதம். டிரைவர் சீட்டில் ஈரத் துண்டு. பின் சீட்டில் ஒரு முழுப் பூசணிக்காய், பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. மகாபலிபுரம் போய்வந்தால் இவ்வளவு ஆகாது. காஞ்சிபுரத்துக்கு இது ரொம்ப அதிகம், பாண்டிச்சேரிக்குக் குறைவு. ஏரியா, கடலா, யார் தோட்டத்துப் பூசணி, ஒன்றும் பிடிபடவில்லை.

மேடம் வந்தார். முகம் வெயிலில் கன்றிச் சிவந்திருந்தது, மூக்கு நுனியில் தோல் உரிந்திருந்தது. பத்து வயது குறைந்த மாதிரி நடந்துவந்தார். வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டேன், எங்கே போனீங்க மேடம் என்று. அவர் வாயைத் திறந்தார், சொல்லத்தான் போனார். பிறகு என்ன தோன்றியதோ, நிறுத்திக்கொண்டார். என் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு, அந்த இரண்டு வருடத்தில் யாரும் பார்த்திராத ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"சொல்ல மாட்டேன், கலா ஸி."

இப்போது மறைமலை நகர் பக்கம் வேறொரு கம்பெனிக்கு டீசல் வண்டி ஓட்டுகிறேன். அடுத்தவருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தால் முதலில் நம் வேலை போகும், வேறு வேலை கிடைத்த பிறகும் அவர் எங்கேதான் போயிருப்பார் என்று நம் மண்டை குடைந்துகொண்டே இருக்கும்.